மஞ்சள் உருண்டை ஆட்டத்தைப் பற்றிச் சில கேள்விகள்

செம்பாக்கா தோட்டம், லாபிஸ்
9 ஜூன் 1957

அண்ணனுக்கு மீனாச்சி எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால், இருக்கிறோம் என்றுதான் சொல்ல முடியும். மாலை ஏழு மணிக்குக் கேட்டை மூடினால் விடிகாலையில்தான் திறக்கிறார்கள். பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது மடியில் ஒரு பிடி அரிசி இருக்கிறதா, ஒரு முட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம். உங்கள் மலாக்கா வெள்ளைப் பகுதியாகி, கட்டுப்பாடெல்லாம் நீங்கி நாலு வருஷம் ஆகிறது. உங்களுக்கு இதெல்லாம் மறந்திருக்கும்.

இந்தக் கடிதம் உங்கள் மாப்பிள்ளை எழுதச் சொன்னது. அவராக எழுதமாட்டார். பெரியப்பா மகள் கல்யாணத்தில், பந்தி நடுவே, "எங்கே மாப்பிள்ளை, எட்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டீர்கள். அவர் எட்டேழில் நின்றுவிட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் அறுபது பேர் சிரித்தார்கள். மூன்று வருஷமாக அவர் உங்கள் காஜா பேராங் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் எங்கள் லயத்துச் சேதுராமன் ஒரு கல்யாணத்துக்கு மலாக்கா வந்தான் அல்லவா. படிப்பகத்து ஆட்களோடு நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஆட்டத்தில் அவனையும் சேர்த்துக்கொண்டீர்களாம். முட்டை ஓட்டில் மஞ்சள் தண்ணீர் நிரப்பி எறிய வேண்டும், சட்டையில் கறை பட்டவன் வெளியேற வேண்டும், எதிர்க்கட்சியின் கொடியைப் பறித்துவந்தால் வெற்றி. அவன் வந்து சொன்னதிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஆகஸ்டு 31, சுதந்திர நாளுக்குத் துரை அரைநாள் லீவும் திடலும் தந்திருக்கிறார். அன்றைக்குத் தோட்டமே பார்க்க ஆட வேண்டுமாம். ஆட்களை மேய்க்கும் தண்டல் வேலையில் இருப்பவருக்குத் தளபதியாகவும் ஆசை.

எதிரே உட்கார்ந்து, "எழுதுடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டால் வலிக்குமா? எத்தனை எட்டுத் தள்ளி நிற்க வேண்டும்? கண்ணில் பட்டால் என்ன செய்வது? எந்த மாதிரிச் சட்டை? பட்டும் படவில்லை என்று ஒருவன் சாதித்தால் யார் தீர்ப்பது? முட்டை இங்கே லேசில் கிடைக்காது, வேறு எதில் நிரப்பலாம்? கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு, "இதை எழுதாதே" என்றார். நாற்பத்திரண்டு வயது ஆள் ஆடினால் சிரிப்பார்களா?

எழுதிவிட்டேன்.

மீனாச்சி

*

காஜா பேராங், மலாக்கா
14 ஜூன் 1957

அன்புள்ள தங்கை மீனாச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாய்ப்பாட்டுக் கதையை மட்டும் மூன்று முறை. அன்றைக்கு நான் செய்தது தவறு. ஆசிரியராக இருந்தவனுக்கு எந்தக் கூட்டமும் வகுப்பாகத் தெரியும். மாப்பிள்ளையிடம் சொல்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எனக்கு ஐம்பத்தெட்டு. போன ஞாயிறு வேலிக்குக் கீழே ஊர்ந்தபோது வேட்டி மாட்டிக்கொண்டது. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வராத ஆட்டத்தை எதற்கு ஆடுவது?

வலி எப்படி இருக்கும் என்றால், ஈரத்துண்டை முறுக்கி ஒருவர் விளையாட்டாக முதுகில் அடித்தது போல. அதற்குத்தான் தூரம். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நிற்கிறீர்கள் அல்லவா, முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் உள்ள இடைவெளி இருக்கட்டும். அதற்கும் கிட்டத்தில் வந்துவிட்டால் எறியக்கூடாது, "சரணா?" என்று கேட்க வேண்டும்.

கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு அவரை மெச்சுகிறேன். பலர் அதைக் கேட்பதே இல்லை. கறிச் சட்டியை மூடும் கம்பி வலை தெரியுமே, அதை முகத்தளவுக்கு வெட்டி, ஓரத்தில் துணி வைத்துத் தைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். திடலுக்குள் ஒருவர் முகவலையைக் கழற்றினாலும் எல்லாரும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மையோ சாயமோ சுண்ணாம்போ சேர்க்கவே கூடாது. வெறும் மஞ்சளும் தண்ணீரும். குழந்தையைக் குளிப்பாட்டும் பொருள், யாருக்கும் தீங்கில்லை. சட்டை பழைய வெள்ளைச் சட்டை, முழுக்கை.

பட்டதை ஒளிப்பவனுக்கு என்ன செய்வது? என் ஐந்தாம் வகுப்பில் கணக்குத் தாளைப் பிள்ளைகளையே திருத்தச் சொல்வேன். முதல் வாரம் எல்லாருக்கும் நூறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வாரம் அவரவர் மதிப்பெண் வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் பொய் நெடுநாள் நிற்காது. பட்டவர் தாமாகக் கையைத் தூக்கி உட்கார வேண்டும். அதுதான் ஆட்டம்.

ஆடும் முறை ஒன்று சொல்கிறேன். கொடியை எடுக்கப் போகிறவர் நேராக ஓடக்கூடாது. இருவர் முன்னால் சத்தம் காட்டி எதிரியை இழுக்க வேண்டும். மூன்றாமவர் தரையோடு தரையாகப் பின்பக்கம் வர வேண்டும். ஆள் குறைந்தால் பின்வாங்கி மறைந்து, மறுபடி சேர வேண்டும்.

முட்டை எங்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண் பூங்காவனம் பாவுலு என்ற முட்டைக் கேக் சுட்டு விற்கிறாள். ஓட்டைப் பக்குவமாக உடைத்து எனக்கு வைத்துவிடுவாள். இந்த ஊர்ச் செட்டிகள் தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள், அவளுக்குத் தமிழ் வராது. "சிக்கு, இனி மாயின் புடாக்" என்பாள். இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, வாத்தியாரே என்று பொருள். நீங்கள் இருப்பது ரப்பர்த் தோட்டம். வேறு ஏதாவது உங்களுக்கே தோன்றும்.

அண்ணன்
கலியாணசுந்தரம்

*

செம்பாக்கா தோட்டம்
30 ஜூன் 1957

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். "உங்க அண்ணன் ஆள் மோசமில்ல" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

முட்டைக்கு வழி பிறந்துவிட்டது. கோலிக்குண்டை ரப்பர்ப் பாலில் முக்கிக் காயவைத்து உரித்தால் மெல்லிய தோல் பை வருகிறது. அதில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வாயை நூலால் கட்டினால் உருண்டை. கையால் எறிந்தால் தூரம் போகவில்லை என்று மூங்கில் குழாய் வெட்டி, முனையில் சைக்கிள் டியூப் ரப்பர் கட்டித் துப்பாக்கி செய்துவிட்டார்கள். இவர் அவற்றைப் புகைக்கூண்டில் வைத்துக் கறுப்பு வேறு ஏற்றியிருக்கிறார். பன்னிரண்டு. பழுக்கக் காய்ந்த கம்பியால் ஒவ்வொன்றிலும் எண் சுட்டிருக்கிறார். அடுப்பங்கரை மூலையில் சாத்தி வைத்திருக்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே திக்கென்கிறது.

இரண்டு ஞாயிறு ஆடிவிட்டார்கள். சேதுவுக்கு நெஞ்சில் பட்டது. படவில்லை என்று சாதித்தான். "அது வேர்வைண்ணே." "மஞ்சளா வேர்க்க நீ என்ன மாங்காயாடா?" என்றார் இவர். மல்லிகாவே, அவன் பெண்டாட்டி, வேலிப்பக்கம் நின்று, "பட்டுச்சு, நான் பாத்தேன், உக்காருங்க" என்று சத்தம் போட்டாள். தோட்டமே சிரித்தது. இத்தனை சிரிப்பை இங்கே கேட்டு வெகுநாள் ஆகிறது.

கேட்க வந்தது வேறு. திடலின் கிழக்கு ஓரத்தில் கம்பி வேலி. அதற்கு அப்பால் பழைய மரங்கள், அப்புறம் காடு. சில உருண்டைகள் வேலியைத் தாண்டிப் போய்விடும். பன்றி நுழைந்த ஓட்டை ஒன்று இருக்கிறது. அது வழியாகச் சேது போய்ப் பொறுக்கிவருவான். அவன் ஒருவன்தான் போவான், மற்றவர்களுக்குப் பயம். போன ஞாயிறு மூன்று உருண்டை கிடைக்கவில்லை. வெடிக்காமல் விழுந்தவை. திங்கட்கிழமை காலை, வேலிக் கம்பத்தின் தலையில் மூன்றும் வரிசையாக இருந்தன. கழுவித் துடைத்து வைத்தது போல. ஒன்றில் தண்ணீர் கசிந்திருக்க வேண்டும், அதை மறுபடி நிரப்பிக் கட்டியிருந்தது. முடிச்சு எங்கள் முடிச்சு இல்லை.

இவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வேலிக்கு வெளியே போனதை ஆட்டத்தில் சேர்க்கலாமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார். நான் கேட்பது அதுவல்ல என்று உங்களுக்குத் தெரியும்.

மீனாச்சி

*

காஜா பேராங்
5 ஜூலை 1957

அன்புள்ள மீனாச்சி,

பள்ளியில் ஒரு குடை தொலைந்தது. ஒரு வாரம் கழித்து என் மேசைமேல் இருந்தது, கிழிந்த இடம் தைக்கப்பட்டு. பள்ளி முழுவதும் பேய் என்றது. கடைசியில் பார்த்தால் தோட்டக்காரர் செய்த காரியம். மனைவியிடம் தைக்கக் கொடுத்திருக்கிறார், சொல்லக் கூச்சம். நல்லதைச் செய்துவிட்டுச் சொல்லாமல் போகிறவர்கள் உண்டு.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். இந்த உதாரணம் பொருந்தவில்லை. எங்கள் பள்ளியைச் சுற்றிக் காடு இல்லை.

இனி திடலின் நடுவில் மட்டும் ஆடுங்கள். வேலிக்கு அப்பால் போன உருண்டை போனதுதான், யாரும் பின்னால் போகக்கூடாது. துப்பாக்கிகளின் கறுப்பைச் சுரண்டிவிட்டு மஞ்சள் பூசுங்கள். கம்பத்தில் இருந்ததை ஆபீஸ் கிராணியிடம் மாப்பிள்ளையே போய்ச் சொல்லிவிடட்டும். முதலில் சொன்னவன் மேல் சந்தேகம் விழாது.

இவற்றை முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். கண்ணுக்கு வலை சொன்னேன், தூரம் சொன்னேன், சட்டை சொன்னேன். எந்த ஊரில் ஆடுகிறீர்கள் என்பதை யோசிக்கவில்லை.

அண்ணன்

*

செம்பாக்கா தோட்டம்
22 ஜூலை 1957

அண்ணா,

வெள்ளிக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி கிராணியிடம் சொல்ல அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல சொன்னவனத்தான் முதல்ல உக்கார வச்சுக் கேப்பான். ஒனக்கு எப்படித் தெரியும், யாரு வச்சது, ஏன் ஒனக்கு வச்சான்னு." அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. பிறகு பதினான்காம் தேதி ஆட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது துப்பாக்கி பதினொன்றுதான் இருந்தது. ஏழாம் எண்ணைக் காணோம். தேடினோம். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு லாரியில் வந்தார்கள், போலீசும் பட்டாளமும். காட்டுக்குள் இரண்டு மைலில் ஒரு முகாமைக் கண்டுபிடித்தார்களாம். ஆட்கள் ஓடிவிட்டார்கள். அங்கே ஏழாம் எண் துப்பாக்கி இருந்தது. பெரட்டுக் களத்தில் எல்லாரையும் உட்காரவைத்து அதைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் எழுந்து, "நான் செஞ்சது" என்றார். நம் ஆட்டத்து விதிப்படி தாமாகக் கையைத் தூக்கினார், அண்ணா.

அதோடு விட்டிருப்பார்கள். லயத்தைச் சோதிக்க வந்தார்கள். ஆட்டத்துச் சட்டைகளை நான் முதல்நாள் சாயங்காலம்தான் துவைத்தேன். மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும்? நமக்குத் தெரியும், சிவந்துபோகும், வெயிலில் காய்ந்தால் வெளுத்துவிடும். இதை ஒரு விஷயமாக யார் நினைப்பார்கள்? மழை, அதனால் தாழ்வாரத்தில் கயிறு கட்டிப் போட்டிருந்தேன். ஒன்பது வெள்ளைச் சட்டை. நெஞ்சிலும் முதுகிலும் வயிற்றிலும் வட்டவட்டமாகச் சிவப்பு. வெள்ளைக்கார அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். ஒரு மலாய்க் கான்ஸ்டபிள், "குஞ்ஞிட், துவான்," மஞ்சள்தான் என்று சொன்னான். அவனை வாயை மூடச் சொல்லிவிட்டார்.

பிறகு உங்கள் மாப்பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் கடிதம். மொழிபெயர்ப்பாளர் உரக்கப் படித்தார். இருவர் சத்தம் காட்டி எதிரியை இழுக்க வேண்டும், ஆள் குறைந்தால் பின்வாங்கி மறைந்து மறுபடி சேர வேண்டும். உங்கள் வார்த்தைகள்தான். அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே வேறு மாதிரி இருந்தது.

அடிபட்டவர்களை எங்கே ஒளித்துவைத்தாய் என்று கேட்கிறார்களாம். அவர் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று கிராணி சொல்கிறார். அதுவும் நல்லபடியாக முடிந்தால்.

நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள். வாருங்கள்.

மீனாச்சி

*

காஜா பேராங்
26 ஜூலை 1957

மீனாச்சி,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். இப்போது போகாதீர்கள், கடிதத்தில் கையெழுத்து உங்களுடையது, அழைத்தால் போங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளிடம் பயப்படாதே, எழுந்து நின்று சொல் என்றவன் நான்.

படிப்பகத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டோம். பூங்காவனம் ஓடுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கிறாள். வேண்டாம் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் ஒன்றையும் ஒளிக்காமல் முதலிலிருந்து விளக்குவேன். முழுவதும் தெரிந்தால் யாரும் மாப்பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. தைரியமாக இரு.

அண்ணன்

*

செம்பாக்கா தோட்டம்
13 ஆகஸ்டு 1957

அண்ணா,

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜீப்பில் கேட் வரை கொண்டுவந்து விட்டார்கள். மெலிந்திருக்கிறார். அடித்தார்களா என்றால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிறார். சாப்பாடு போட்டார்களா என்றால், "போட்டாங்க."

சனிக்கிழமை காலை பெரட்டில் சேதுராமனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். வேறு யாரையும் பார்க்கக்கூட இல்லை.

போன வாரம் வரை எல்லாரும் எனக்கு அரிசி கொடுத்தார்கள், தண்ணீர் தூக்கித் தந்தார்கள். இப்போது குழாயடிக்குப் போனால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒருவர் வருகிறார், சனிக்கிழமை ஒருவன் போகிறான். அவர்களுக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா? மல்லிகா கைப்பிள்ளையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒரு மணி நேரம். "நான் யாரையும் சொல்லல, தாயி" என்று இவர் உள்ளேயிருந்து சொன்னார். அவள் போய்விட்டாள்.

லயத்துக்காரர்கள் பேசாமல் இருப்பது பெரிதில்லை. காட்டிக்கொடுத்தவனைக் காட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த தோட்டத்தில் போன வருஷம் ஒருவரை மரத்தோடு கட்டி வைத்திருந்தார்கள். இவருடைய பிரிவு கிழக்கு ஓரம், வேலியை ஒட்டி. நேற்றுக் காலை அந்தக் கம்பத்தின் தலையில் ஒரு உருண்டை இருந்தது. தண்ணீர் இல்லை. சுருங்கிக் கிடந்தது. எட்டு வயதில் என்னை எடுத்து வளர்த்த உங்களைத் தவிர நான் யாரைக் கேட்பேன்.

அண்ணா, இத்தனை நாளும் இவர் கேள்விகளை நான் எழுதினேன். இது என் கேள்வி. இவரை நான் கேட்கலாமா? நீங்கள் சொன்னீர்களா என்று. கேட்டால் இல்லை என்பார். அதை நான் நம்புவேனா என்பதுதான் எனக்குப் பயம்.

மீனாச்சி

*

காஜா பேராங்
17 ஆகஸ்டு 1957

மீனாச்சி,

கேட்காதே. அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி இரண்டு போலீஸ் அதிகாரிகள் சாதாரண உடையில் வந்தார்கள். ஒருவர் தமிழர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "வாத்தியார் ஐயா" என்று கூப்பிட்டு, கீழே பாயில் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன். இந்த ஆட்டம் உங்களிடமிருந்து அந்தத் தோட்டத்துக்கு எப்படிப் போனது என்று கேட்டார். நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது. வரிசையாகச் சொன்னேன். சேதுராமன் கல்யாணத்துக்கு வந்தான், கற்றுக்கொண்டான், போய்ச் சொன்னான் என்றேன். மஞ்சளும் சவுக்காரமும் கொண்டுவந்து ஒரு துணியில் செய்தே காட்டினேன். இருவரும் வியந்தார்கள்.

என் மாப்பிள்ளை வேலியைத் தாண்டியதே இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்றார். உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "அவன் ஒருவன்தான் போவான், மற்றவர்களுக்குப் பயம்" என்ற வரியை விரல் வைத்துக் காட்டினேன், மீனாச்சி. விரல் வைத்து. அவர் குறித்துக்கொண்டார். கடிதத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை விடுதலையான செய்தி உன் கடிதத்துக்கு முன்பே கிராணி மூலம் எனக்குத் தெரியும். எவ்வளவு தெளிவாக விளக்கினேன் என்று மூன்று நாள் எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரை வெளியே எடுக்க இன்னொருவரை உள்ளே வைத்தேன் என்பது உன் கடிதம் வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. சேது குற்றவாளியா என்று எனக்குத் தெரியாது. உருண்டை பொறுக்கப் போனான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் நின்று சொல்வேன். வக்கீலைக் கேட்கவில்லை. சேதுவுக்காகவும் அதே அதிகாரியிடம் போவேன். கேட்பாரா என்று தெரியாது.

நான் வரும்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதத்தை முதலில் மல்லிகாவிடம் கொடு. பிறகு குழாயடியில் படிக்கச் சொல், பால் நிறுக்கும் ஸ்டோரில் படிக்கச் சொல். காட்டுக்குப் போய்ச் சேரும் வாய்கள் எவை என்று நமக்குத் தெரியாது, அதனால் எல்லா வாய்க்கும் போகட்டும். என் பெயரும் காஜா பேராங் என்ற ஊர்ப் பெயரும் சேர்ந்தே போகட்டும்.

அதுவரை மாப்பிள்ளையைக் கிழக்கு ஓரத்துக்கு அனுப்பாதே. காய்ச்சல் என்று சொல்.

அண்ணன்

*

செம்பாக்கா தோட்டம்
21 ஆகஸ்டு 1957, புதன்கிழமை

அண்ணா,

இது உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள். தெரிந்தும் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

உங்கள் கடிதம் இன்றைக்குப் பதினோரு மணிக்குத்தான் வந்தது. அவர் காலையிலேயே போய்விட்டார். இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். இன்றைக்கு, "படுத்தே கெடந்தா காட்டிக்கொடுத்தவன்னு ஆயிடும்" என்று கிளம்பிவிட்டார். நீங்கள் தபாலில் அனுப்பிய பூங்காவனத்தின் பாவுலு டின்னில் இரண்டு இருந்தது. சாப்பிடச் சொன்னேன், வந்து சாப்பிடுகிறேன் என்றார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மல்லிகா வீட்டுக்கு ஓடினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்தேன். "விரல் வைத்து" என்ற இடத்தில் நின்று, அந்த வரியைத் தாண்டிவிட்டேன். அவள், "ஒண்ணு விட்டுட்டீங்க, படிங்க" என்றாள். படித்தேன். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு ஸ்டோரை நோக்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டரை ஆகிறது. பால் வாளிகளோடு எல்லாரும் கிழக்குக் கேட் வழியாக உள்ளே வருகிறார்கள். கேட்டில் எண்ணி எண்ணி விடுகிறார்கள், இங்கே வரை கேட்கிறது. பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. முப்பத்தெட்டு வரை எண்ணியாகிவிட்டது. காலையில் போனவர்கள் அவரோடு சேர்த்து நாற்பத்தொன்று. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.